இரண்டாவது கியர்

செவ்வாய்க் கிரகம், 212ஆம் நாள். 07:10
துளையிடும் முகாமிலிருந்து நிலையத்துக்குத் திரும்புகிறேன். 120 கி.மீ. பிரித்துக் கட்டிய ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்கு இதுதான் முதல் நெடும்பயணம். கட்டியவன் இருதயராஜ். நிலையத்தில் நானும் அவனும்தான். வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டாவது கியர் மூன்று வினாடி தாமதமாக விழுகிறது. அவன் வேலை வேறு எப்படி இருக்கும்?

08:25
இரண்டாவது வழுக்குகிறது. எஞ்சின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. முதல் கியர் மட்டும் பிடிக்கிறது. மணிக்கு ஆறு கி.மீ. இன்னும் 96 இருக்கிறது, அதாவது பதினாறு மணி நேரம். வண்டியில் காற்றோ பதினொரு மணி நேரத்துக்குத்தான். முகாமுக்குத் திரும்பியும் பயனில்லை, அங்கே காற்று இருப்பு கிடையாது.
ரேடியோவில் அழைத்து அவன் ஏழு தலைமுறையையும் ஏசினேன். ஆத்திரம் தீரவில்லை.

09:30
அவன் சொன்ன சோதனைகளை முடித்தேன். எண்ணெய் அளவு சரி. நிறம் கறுப்பு, தீய்ந்த வாடை. எண்ணெய் அழுத்தம் முதல் கியரில் சரி, இரண்டாவதில் பாதிகூட இல்லை. பம்பு நல்லது, வால்வில்தான் கோளாறு.
"கண்ண மூடிக்கிட்டா கட்டுனீங்க?" என்று கேட்டேன்.
அவன்: "நின்ன இடத்துலயே நில்லுங்க கோமதி. அடுத்த வண்டிய எடுத்துட்டு வாறேன், நாலு மணி நேரம். அதுல ரெண்டு பேருக்கும் பத்து மணி நேரக் காத்து இருக்கு. ரேடியோவ அணைச்சிருவேன். உங்க வசவக் கேட்டுக்கிட்டே வண்டி ஓட்ட என்னால முடியாது."

11:20
தரைமூடியைத் திறந்து வால்வுத் தொகுதியைக் கழற்றினேன். இரண்டாவது கியரின் வால்வு அதன் துளையிலேயே இறுகிக் கிடந்தது. சுரண்டினேன். மஞ்சள் துகள், நடுவில் சிவப்பு. முகர்ந்தேன்.
சந்தனம்.
ஆயுத பூஜையன்று உதிரிகள் மேசையில் விரித்துக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தவள் நான். துடைக்க வந்தவனை "சாமி காரியம், கை வைக்காதீங்க" என்று தடுத்தவளும் நான்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
கியர்த் தட்டுகள் கருகிவிட்டன. இனி சுத்தம் செய்து பயனில்லை.

11:24
அன்று மேசையில் இரண்டு வண்டிகளின் கியர்பெட்டிகளும் இருந்தன.

11:50
இருபத்தாறு முறை அழைத்துவிட்டேன். அணைத்தே வைத்திருக்கிறான். பாவி, ஒரு தடவை போடேன்.

12:10
அவனே அழைத்தான்.
"இந்த வண்டியிலயும் ரெண்டாவது போயிட்டு. அறுவது கிலோமீட்டர் வந்துட்டேன். ரெண்டுலயும் ஒரே கோளாறுன்னா என் கை வேலைதான். நீங்க ஏசுனது சரிதான், மன்னிச்சிருங்க. முதல் கியர்லயே வந்துருதேன். என் தப்புக்கு நீங்க தனியாக் கெடந்து சாகக் கூடாது."

12:14
கணக்கு போட்டேன். இப்போதே அவன் திரும்பினால் பத்து மணி நேரத்தில் நிலையம். அவன் ஒருவனுக்குக் காற்று தாராளம்; பிழைத்துக்கொள்வான். இங்கே வந்தால் நிலையம் போய்ச் சேர இருவருக்கும் போதாது. தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பிவிடுவான்.

12:20
மறுபடி கேட்கிறான்: "கோமதி, கேக்குதா? வரட்டுமா?"
இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவரே, எனக்குத் தனியாகச் சாகப் பயமாக இருக்கிறது.
"வாங்க," என்றேன்.