அக்கா நின்றுகொண்டே பெற்றாள்

அன்புள்ள மாமாவுக்கு,

அன்று காலை அக்கா செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாள். அதைத்தான் முதலில் கவனித்தேன். வலியா என்று கேட்டேன். வாயு என்றாள். இரண்டடி நடந்து சுவரைப் பிடித்ததும் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

தாயும் மகளும் நலம். நீங்கள் போனில் அதைக் கேட்கவில்லை. நர்ஸம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல் என்றுதான் சொன்னீர்கள். போனில் உங்களிடம் பேச எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸம்மா உங்கள் அம்மாவின் சிநேகிதி என்பது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அவர் அக்காவைப் படுக்கச் சொன்னார். படுத்தால் இடுப்பு பிளக்கிறது என்று அக்கா எழுந்துவிட்டாள்.

"இங்க என்ன பஸ்ஸுக்கா காத்திருக்க, நிக்கிறதுக்கு?" என்றார் நர்ஸம்மா.

"ஆமா. வர்ற ஆளு லேட்டு" என்றாள் அக்கா. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் வலியோடு சிரித்துவிட்டாள்.

அதில்தான் அவருக்குக் கோபம். அக்காவின் கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்தார். அக்கா கத்தினாள்: "கையை எடு. நாள் முழுக்க நின்னு துணி தேய்க்கிறவ நான். எனக்கு நின்னாதான் பலம்." பெரியவரை ஒருமையில் பேசியது இவ்வளவுதான். உங்களைத் திட்டியதை நான் எழுதப்போவதில்லை.

என்னை வெளியே போகச் சொன்னார்கள். அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். "அக்கா நிக்கட்டும். நான் போக மாட்டேன்" என்றேன். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் கஷ்டம்.

டாக்டரம்மா வந்து குழந்தையின் துடிப்பைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது, நிற்கட்டும் என்றார். நர்ஸம்மா முணுமுணுத்துக்கொண்டே தரையில் துணி விரித்து மண்டியிட்டார். குழந்தை அவர் கையில்தான் விழுந்தது. "பிடிவாதக்காரி பெத்த பிடிவாதக்காரி" என்று சொல்லித் துடைத்தார். அவருக்கே அப்போது கோபம் போய்விட்டது. அத்தைக்குத்தான் இன்னும் போகவில்லை.

தெருவில் எப்படித் தலைகாட்டுவேன் என்று அத்தை தினமும் கேட்கிறார். மன்னிப்புக் கேட்கும்வரை மருமகளோடு பேச்சில்லையாம். குழந்தையை மட்டும் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். அது பசித்து அழுதாலும் அக்காவே வந்து கேட்கட்டும் என்று இருக்கிறார். தையல் இன்னும் பிரிக்காத அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

மாமா, அக்கா மன்னிப்புக் கேட்கமாட்டாள். நானும் கேட்கச் சொல்லமாட்டேன். அடுத்த முறை போன் செய்யும்போது, எப்படி இருக்கிறாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் வேலை முடிந்து நல்லபடியாக ஊர் வந்து சேர வேண்டும்.

இதை எழுதும்போதே குழந்தை அழுதது. பேனாவை வைத்துவிட்டுப் போய், அத்தையின் மடியிலிருந்து அதைத் தூக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்தினேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினி