கட்டைவிரல் தடம்

என்னங்க, சாப்பாடு மேசை மேல மூடி இருக்கு. மாத்திரையும் பக்கத்துலயே வச்சிருக்கேன். பத்து மணிக்குக் கையைச் சோதிக்கிற பிசியோ அம்மா வருவாங்க. கதவைத் தாழ் போடாதீங்க.

பக்கவாதம் வந்த வலது கையால மரக்கட்டையை எடுக்கச் சொன்னா, போன வாரம் மாதிரி "விரலே அசையல"ன்னு பச்சப்புள்ள மாதிரி முழிக்க வேண்டாம். நேத்து மத்தியானம் அதே கையாலதான் என் கழுத்தைப் பிடிச்சீங்க. ஆறு மாசமா விரல் விரலா நீவிவிட்டது நான்தானே. நாலு விரல் தடம் நல்லா பதிஞ்சிருக்கு. போட்டோ எடுத்து அந்தம்மாவுக்கு அனுப்பிட்டேன், மார்க் போட்டுக்கட்டும்.

நான் அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்ப வர மாட்டேன்.

மறந்துட்டேன்: கட்டைவிரல் தடம் மட்டும் பதியல. அதுக்கு இன்னும் தெம்பு வரல போல. வந்திருந்தா இந்தச் சீட்டை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.