சலவைக்கூடப் படத்தில் எங்கள் முகங்களை மறைக்க வேண்டாம்

அனுப்புநர்:
பெரிய சலவை எந்திரத்தை ஓட்டுகிறவர்
(எல்லோரும் அழைப்பது ‘டிரம்மு அண்ணன்’),
சலவைக்கூடம், பொது மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு தணிக்கை அலுவலர் அவர்கள்,
திரைப்படத் தணிக்கை அலுவலகம்.

பொருள்: எங்கள் சலவைக்கூடத்தைப் பற்றிய ஆவணப்படத்தில் தொழிலாளர்களின் முகங்களை மங்கலாக்கச் சொன்ன உத்தரவைத் திரும்பப் பெற வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் எங்கள் சலவைக்கூடத்துக் குமாஸ்தா. “இதெல்லாம் மனுவுல வேணுமாண்ணே?” என்று இப்போதே ஒரு தடவை கேட்டுவிட்டார். வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தங்களுக்கு வேலை அதிகம் என்பது தெரியும். ஆனாலும் அவசரமாகச் சொன்னால் எனக்குப் பாதி மறந்துபோகும். பொறுத்துக்கொள்ளவும்.

1. தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த உத்தரவைக் குமாஸ்தா படித்துக் காட்டினார். படத்தில் வருகிறவர்களில் பலர் கைநாட்டு வைத்துச் சம்மதம் கொடுத்தவர்கள், எதற்குச் சம்மதித்தோம் என்று அறிந்திருக்க மாட்டார்கள், ஆகவே அவர்கள் கண்ணியத்தைக் காக்க முகங்களை மறைத்த பிறகே படத்தைத் திரையிடலாம் என்று அதில் இருக்கிறது. இந்தக் கவலையைத் தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் கண்ணியத்தைப் பற்றிக் கவலைப்பட்டு இதுவரை யாரும் காகிதம் அனுப்பியதில்லை. அதற்கு நன்றி. ஆனால் இந்தப் படத்தை எடுத்த கேமராக்காரம்மாவைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

2. அவர் தொழில் பழகியது தாய்மாமனின் போட்டோ கடையில். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்களை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாராம். வாசலில் வரிசை நீண்டுவிடும். “போட்டோ எடுக்க வந்தாங்களா, பொண்ணு பார்க்க வந்தாங்களா? சீக்கிரம் அனுப்புடி” என்று மாமா கத்துவாராம். கல்யாணத்துக்கு அனுப்பினால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டுப் பந்தியில் இலை எடுக்கிறவர்களைப் படம் பிடித்துக்கொண்டு வருவாராம். ஆல்பத்தைப் பார்த்த பெண்ணின் அப்பா, “இவங்க எல்லாம் எந்த வகையில சொந்தம்?” என்று கேட்டாராம். அதோடு மாமா கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்.

3. பிறகு ஒரு செய்தித்தாளில் வேலை. ஒரு நாள் ஆலை விபத்து. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்ததை இவர் எடுத்தார். மறுநாள் அந்தப் படத்துக்குக் கீழே, கணவனை இழந்து கதறும் மனைவி என்று யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். பத்திரிகையை எடுத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க இவர் அந்த வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது அந்தக் கணவன். பின்னாலிருந்து அந்தப் பெண், “பல்லு வலிக்குதுன்னு டாக்டரைப் பார்க்க வந்தேம்மா. வந்த இடத்துல என் தாலியை அறுத்துட்டியே” என்று பிடித்துக்கொண்டாராம். அவர் மாமியார் அதற்குள் பாதி ஊருக்குச் சொல்லி அழுது முடித்திருந்தார். கணவன் மட்டும், “படம் நல்லாத்தான் இருக்குது” என்றானாம்.

4. இதைச் சொல்லும்போது கேமராக்காரம்மா சிரிப்பார். ஆனால் அன்றைக்கே அந்த வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியிலும் சேரவில்லை. தனியாளாகவே படம் எடுக்கிறார். வெட்டி ஒட்ட மட்டும் ஒரு தம்பி உண்டு. உப்பளத்தில் ஒன்று, ரயில் பாதை பார்க்கிறவர்களோடு ஒன்று, இப்படி ஆறேழு படங்கள். எதுவும் தியேட்டருக்கு வந்ததில்லை. பள்ளிக்கூடங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் போட்டுக் காட்டுவார். ஒரு வழக்கத்தை மட்டும் அவர் மாற்றியதில்லை. படத்தில் இருக்கிறவர்கள்தான் முதலில் பார்க்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொல்கிறதை நீக்கிவிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு.

5. எங்கள் இடத்துக்கு அவர் வந்த முதல் நாள் ஒன்றுமே எடுக்க முடியவில்லை. வெளிக்குளிரிலிருந்து உள்ளே வந்ததும் கேமராக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்தால் திரும்பப் படியும். இங்கிருக்கிற சூடு கேமராவுக்கும் ஏறின பிறகுதான் தெளியும். அதுவரை சும்மா உட்காரக் கூடாது என்று தலையணை உறை மடிக்கக் கொடுத்தோம். ஐயா, அவர் மடித்த உறைகளை நாங்கள் திரும்ப மடித்தோம். கடைசி நாள் வரை அப்படித்தான். “படமாவது ஒழுங்கா எடுப்பீங்களாம்மா?” என்று இஸ்திரி போடுகிற பெண்கள் கேலி செய்வார்கள். தினமும் அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து, கேமரா எப்போது ஓடுகிறது என்று பார்ப்பதையே நாங்கள் விட்டுவிட்டோம்.

6. இன்னொரு சங்கதி. வார்டுகளிலிருந்து வருகிற துணிகளில் ரத்தமும் மருந்தும் இருக்கும். அதனால் வேலை நேரத்தில் நாங்கள் மூக்கையும் வாயையும் மூடியே இருப்போம். டீ குடிக்கும்போதுதான் அவிழ்ப்போம். படத்திலும் எங்கள் முழு முகம் தெரிவது அந்த டீ நேரத்தில் மட்டும்தான். அதையும் மறைத்தால் படம் முழுக்க நாங்கள் இருப்போம், ஒருவரைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான் நடக்கிறது. துணி சுத்தமாக வார்டுக்குப் போகிறது, நாங்கள் போவதில்லை.

7. இனி முக்கியமான விஷயம். படம் முடிந்ததும் மடிக்கும் அறையின் ஜன்னல்களைச் சாத்தி, நாங்கள் துவைத்த வெள்ளை விரிப்பையே கட்டி, கேமராக்காரம்மா எங்களுக்குப் போட்டுக் காட்டினார். வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். அதில் ஓர் இடத்தில் நான் வருவேன். விரிப்பு மூட்டைக்குள் ஒரு குழந்தையின் சட்டை கலந்து வந்துவிட்டது. நெஞ்சுப் பக்கம் கத்தரித்திருந்தது. அவசரத்துக்கு டாக்டர்கள் அப்படித்தான் வெட்டுவார்கள். குழந்தை என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. நான் அதைத் தனியாகக் கையால் துவைத்து, வெட்டின இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கேமரா ஓடுவது எனக்குத் தெரியாது.

பார்த்து முடித்ததும் நான் எழுந்து, “அதை எடுத்துடுங்கம்மா” என்றேன்.

அவரோடு படத்தை வெட்டி ஒட்டுகிற தம்பி பதறிப்போய், “அண்ணே, படத்தோட உசுரே அதுதாண்ணே” என்றார்.

“அந்தச் சட்டையோட அம்மா எங்கயாவது உட்கார்ந்து இதைப் பார்த்துட்டா என்ன பண்றது?” என்றேன்.

கேமராக்காரம்மா அந்தத் தம்பியிடம், “எடுத்துடு” என்றார். அடுத்த தடவை போட்டுக் காட்டியபோது அது இல்லை. மற்றதெல்லாம் இருக்கலாம் என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் கைநாட்டு வைத்தோம்.

8. இப்போது இந்த உத்தரவு. வரும் ஞாயிற்றுக்கிழமை நகர நூலக அரங்கில் படம் போடுவதாக இருந்தது. முகத்தை மறைத்துத் தன்னால் காட்ட முடியாது, படம் பெட்டியிலேயே இருக்கட்டும் என்று கேமராக்காரம்மா சொல்லிவிட்டார். “உங்க வேலைக்கு ஏதாவது வந்துடப்போகுது, நீங்க யாரும் ஒண்ணும் எழுத வேணாம்” என்றும் சொன்னார். அந்த ஒரு பேச்சை மட்டும் நாங்கள் கேட்கவில்லை. என் மனைவியிடம் உத்தரவைப் பற்றிச் சொன்னபோது, “இத்தனை வருஷமா இந்த மூஞ்சியைத்தான் பார்த்துட்டு இருக்கேன். எனக்கே ஒண்ணும் ஆகல, ஊருக்கு என்ன ஆயிடும்?” என்றாள். இதையும் எழுதச் சொன்னாள். எழுதியாகிவிட்டது.

9. ஐயா, எதற்குச் சம்மதித்தோம் என்று எங்களுக்குத் தெரியுமா என்பதுதான் தங்கள் கேள்வி. அந்தச் சட்டையைப் படத்தில் தேடிப் பார்க்கவும். கிடைக்காது. அதற்கு மேல் என்னிடம் அத்தாட்சி இல்லை.

ஆகவே அந்த உத்தரவை ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பப் பெற்று, படத்தை உள்ளபடியே திரையிட அனுமதிக்க வேண்டுகிறேன். இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு டீ நேரத்தில் தாங்கள் இங்கே வரவும். எல்லோரும் முகத்துணியை அவிழ்த்திருப்போம். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொள்ளலாம். மறைக்கச் சொல்கிறவர் யாராவது இருந்தால் அவர் முகத்தை மட்டும் மறைக்கட்டும். அதற்குக் கேமராக்காரம்மா மறுப்புச் சொல்ல மாட்டார்.

நாள்: புதன்கிழமை
இடம்: சலவைக்கூடம், மடிக்கும் அறை

இப்படிக்குப் பணிவுடன்,
(இடது கைப் பெருவிரல் ரேகை)

எழுதியவர் குறிப்பு: மனு முழுவதையும் அண்ணனுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார். எழுதியதில் அதுதான் நன்றாக இருந்தது. எடுத்துவிட்டேன். அதன் பிறகே ரேகை வைத்தார்.