உங்கள் எம்.எஸ்ஸி.க்கு நான் ஜாமீன்

தாராவி, பம்பாய்-17
21-11-1965

அன்புள்ள வேலு அத்தானுக்கு,

மாமா மகள் கனகவள்ளி எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌக்கியம். மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஊரில் அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? மெட்ராஸில் மழை என்று பேப்பரில் பார்த்தோம். ஹாஸ்டலில் சாப்பாடு ஒழுங்காகப் போடுகிறார்களா?

முறைமாப்பிள்ளைக்குப் பெண் தானாகக் கடிதம் எழுதுவது அழகில்லை என்று தெரியும். மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். தபாலில் போட்டால்தான் நிற்கும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை கிங்ஸ் சர்க்கிள் கடைக்கு வேங்கடசுப்ரமணியன் சார் வந்திருக்கிறார். மாட்டுங்காக்காரர், ரயில்வே ஆபீஸில் பெரிய வேலை, நம் கடையில்தான் மாதச் சாமான் வாங்குவார். காப்பிப் பொடியை நிறுத்துப் போட்டுக்கொண்டே அப்பா வழக்கம்போல, அக்கா மகன் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிறான் என்று ஆரம்பித்திருக்கிறார். சாரின் தம்பியும் அதே படிப்பாம். காலேஜில் டியூட்டர், கையில் இருநூறு ரூபாய் வருகிறதாம். மேலே ஆராய்ச்சி என்று போனால் மூன்று வருஷத்துக்கு அதுவும் வராதாம். அப்பா முதலில் கேலி என்று சிரித்தாராம். பிறகு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தீபாவளிக்குக்கூட அரை நாள் திறக்கிற கடை அத்தான், பட்டப்பகலில் சாத்திவிட்டார்!

ஆறு வருஷம் படித்தால் அறுநூறாவது வராதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிவப்பு அட்டை நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்து, உங்களுக்கு இதுவரை அனுப்பியதைக் கூட்டச் சொன்னார். இந்த வீட்டில் கூட்டல் என்றால் என்னிடம்தான் வரும்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். செலவை மட்டும் எழுத மாட்டார். அந்தப் பணம் எதிலிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுவார். அம்மா வளையல் அடகு. சீட்டு எடுத்தது. காலி டின் விற்றது. உரக்க வாசித்துக்கொண்டே கூட்டினேன். 1961 ஜூன், வேலு ஹாஸ்டல் கூடுதல், மாதம் ஆறு ரூபாய், கனகத்தைப் பள்ளிக்கூடம் நிறுத்தியதில். என் வாய் வாசித்துவிட்டது. அர்த்தம் அதற்கப்புறம்தான் வந்தது.

வயசுக்கு வந்ததால் நிறுத்தினார்கள் என்றுதான் நாலரை வருஷமாக நம்பியிருந்தேன். அம்மாவிடம் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்! அவள் ஒருநாள்கூட மறுத்துப் பேசவில்லை. பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு எனக்குத் தோசை வார்த்திருக்கிறாள். ஒன்பதாவதில் கணக்கில் தொண்ணூற்றாறு மார்க் வாங்கினவள் நான். உங்களுக்கு அது தெரியாது.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. மொத்தம் எவ்வளவு என்றார். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்றேன்.

உங்கள் அப்பா இறந்த வருஷமே பேசி முடித்தது, உங்களைப் படிக்க வைத்து என்னைக் கொடுப்பதென்று. இப்போது அப்பா சொல்வது இதுதான். ஆராய்ச்சி வேண்டாம், பரீட்சை முடிந்ததும் தாலி கட்டிவிட்டுக் கடையில் வந்து உட்கார வேண்டும். முடியாதென்றால் பணத்தை வைக்க வேண்டும். ஆண்டாப் ஹில்லில் இரண்டு லாரி வைத்திருப்பவர் ஒருவர் எனக்குத் தயாராக இருக்கிறாராம். அப்பாவின் கடிதம் இதற்கு முன்னாலேயே வந்திருக்கும்.

அவரைக் கோபிக்காதீர்கள். மிளகாய் வாங்க நாலு கடையில் விலை விசாரிக்கிற மனிதர், இந்தப் படிப்புக்கு என்ன சம்பளம் என்று ஆறு வருஷத்தில் ஒருவரையும் கேட்கவில்லை. உங்கள் மேல் நேற்று வரை எனக்குக் கோபம் இருந்தது. அந்த ஆறு ரூபாய் எங்கிருந்து வந்ததென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று இன்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அதை எனக்கு எழுத வேண்டாம்.

அத்தான், கடையில் வந்து உட்காராதீர்கள். கடனுக்காக என் கழுத்தில் தாலி கட்டவும் வேண்டாம். வேலை கிடைத்த பிறகு மாதம் ஐம்பது அனுப்பினால் ஏழு வருஷம் மூன்று மாதத்தில் அப்பா நோட்டு தீர்ந்துவிடும். வட்டி கேட்க நான் விடமாட்டேன்.

ஆனால் எனக்குச் சேர வேண்டியது அதுவரை காத்திருக்காது. கிங்ஸ் சர்க்கிளில் விஜயலக்ஷ்மி டீச்சர் மத்தியான வேளையில் பெண்களுக்குப் பத்தாவதும் பதினொன்றாவதும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாதம் எட்டு ரூபாய், இரண்டு வருஷம். இரண்டு ரூபாய்க்கு நான் வழி பார்த்துக்கொள்வேன். மீதி ஆறு ரூபாய் உங்களிடம் இருக்கிறது. நீங்கள் டியூஷன் எடுப்பதாக அத்தை எழுதியிருந்தார்கள். அதிலிருந்து டீச்சர் பெயருக்கே மணியார்டர் செய்யுங்கள். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அதற்கப்புறமும் என்னைக் கேட்டு வரத் தோன்றினால் வாருங்கள். அதுவரை லாரிக்காரர் வீட்டுக்குப் போகாமல் நான் இருக்கப் பார்க்கிறேன்.

படிப்பை மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள். அதில் என் பீஸும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒன்பதாவது வரை படித்த
கனகவள்ளி