ஒரு கிண்ணம் போதும்

நாள் 214. காலை 6.10

காற்றழுத்தம் சரி. பிராணவாயு சரி. மூன்றாம் குழாயில் மண் அடைத்திருந்தது, சுரண்டி எடுத்துவிட்டேன். தண்ணீர் ஓடுகிறது.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: என் பெயர் சந்தனமாரி. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவள். செவ்வாயின் வடக்குப் பனியில் இருக்கும் இந்தத் தண்ணீர் நிலையத்துக்கு நான் ஒருத்திதான். எந்திரம் பனியை உருக்கும். இனிமேல் வரப்போகிற சனங்களுக்காக நான் தொட்டியை நிரப்புகிறேன். இங்கே இன்னும் யாரும் வரவில்லை. ஆயிரம் மைல் தள்ளி ஒரு முகாம் உண்டு, அவர்களோடு பேசுவதும் ஊர் வழியாகத்தான்.

இன்சுலினைப் பத்திரப்படுத்த வசதி இல்லாததால் சர்க்கரைக்காரரை இங்கே அனுப்புவதில்லை. எனக்கும் சர்க்கரை இருந்தது, காலையும் இரவும் ஊசி. டாக்டர் வயிற்றைச் சுருக்கி, குடலின் பாதையைத் திருப்பித் தைத்தார். உடம்பு இளைக்கும் முன்பே சர்க்கரை இறங்கிவிட்டது. ஊசி நின்றது. வந்துவிட்டேன். இப்போது என் வயிறு ஒரு சின்னக் கிண்ணம் அளவுதான். திருப்பிய குடல் சத்தை முழுசாக எடுக்காது, அதனால் சத்து மாத்திரை மட்டும் ஆயுள் முழுக்கப் போட வேண்டும், விட்டால் நரம்பு போய்விடும் என்றார்.

காலை 7.00

பெனிட்டாவின் குரல் வந்தது. ஊரில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆபீசிலிருந்து தினமும் பேசும் பெண். "சாப்ட்டியளா அத்தை?"

"சாப்ட்டாச்சு தாயி. நீ என்ன சாப்ட்ட?" என்றேன். குரல் போகப் பன்னிரண்டு நிமிஷம், வரப் பன்னிரண்டு. பதில் வந்தது. "இட்லியும் நேத்து வச்ச மீன் கொழம்பும். ஒங்களுக்கு ஒரு மீன் வாலு அனுப்பட்டுமா? அது போதும்லா ஒங்க வயித்துக்கு!"

ரொம்ப நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாள் 231. காலை 7.00

பெனிட்டா: "அத்தை, அந்தப் பக்கத்து முகாம்ல ஏழு பேருக்கும் சாப்பாடு பூசணம் பிடிச்சுட்டாம். ஒங்களுக்கு வார கப்பல அங்க திருப்பலாமான்னு கேக்காவ. ஒங்களுக்குத்தான் கொஞ்சம் போதுமே?"

"எனக்கு ஒரு கிண்ணம் கஞ்சி போதும். வயசுப் பிள்ளைகள், அவங்க தின்னட்டும்" என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

காலை 9.40

கஞ்சி மாவு நிறைய இருக்கிறது. மாத்திரை அந்தக் கப்பலில்தான் வர இருந்தது. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பதா? அடுத்த கப்பல் வரும்.

நாள் 262. காலை 7.30

மாத்திரை தீர்ந்துவிட்டது. குழாய் சரி. தொட்டி பாதிக்கு மேல்.

கஞ்சி உள்ளே நிற்கவில்லை, வாந்தி. பெனிட்டா கேட்டாள், சாப்ட்டாச்சு என்றேன். அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிற பிள்ளையிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? எங்கள் பக்கம் அடுப்பே பற்றவைக்காத வீட்டிலும் வாசலில் நின்று கேட்பவருக்கு ஆச்சு என்றுதான் சொல்வோம். நான் சொல்வதை அங்கே எழுதிவைப்பார்கள்: 'உணவு, சரி.'

நீ என்ன சாப்ட்ட என்று கேட்டேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

நாள் 279. மதியம் 1.15

பாதம் மரத்துவிட்டது. அடைப்பை எடுக்கத் தவழ்ந்து போனேன். எதைப் பார்த்தாலும் ஆடுகிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன்: 88. டாக்டர் பார்த்தால் கை தட்டுவார்.

"மாத்திரை தீந்துபோச்சு தாயி, அடுத்த கப்பல் எப்ப?" என்று காலையில் கேட்டேன். பதில்: "நல்லது அத்தை. ஒடம்பப் பாத்துக்கிடுங்க. நாளைக்குக் கூப்பிடுதேன்." பின்னால் ஒரு பஸ் ஹாரன்.

நேற்றும் அந்த ஹாரன் கேட்டது.

நாள் 280. காலை 7.00

"சாப்ட்டியளா அத்தை?"

பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "இல்ல. சாப்பிடல. சாப்பிட முடியல. எந்திரிக்க முடியல. கப்பல் அனுப்பச் சொல்லு பெனிட்டா. நான் செத்துருவேன்."

காத்திருந்தேன்.

7.24

"நல்லது அத்தை. ஒடம்பப் பாத்துக்கிடுங்க. நாளைக்குக் கூப்பிடுதேன்." ஹாரன்.

காலை 10.00

பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். கப்பலைத் திருப்பிய வாரம் வரை ஒவ்வொரு நாளும் அவள் குரல் வேறு வேறு மாதிரி. சளி பிடித்த குரல், சிரிப்பு, தோசை, பழைய சோறு. அதற்குப் பிறகு எல்லா நாளும் ஒரே குரல், ஒரே ஹாரன்.

என் பதில் என்றைக்கும் ஒன்றுதானே. அதற்கு ஓர் ஆள் எதற்கு? அவளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் போல. கேள்வியையும் அந்த 'நல்லது அத்தை'யையும் எந்திரத்தில் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெனிட்டாவைக் குறை சொல்ல மாட்டேன். அத்தை நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். நான்தானே அப்படிச் சொன்னேன்.

நாள் 28

நாள் கணக்கு விட்டுப்போனது. குழாய் பார்க்கவில்லை. எழுத்து ஆடுகிறது, கையா கண்ணா தெரியவில்லை. வருகிறவர்களுக்கு: தண்ணீர் நல்ல தண்ணீர். முக்கால் தொட்டி இருக்கிறது. குடியுங்கள்.

உப்பளத்தில் வெயில் அடிக்கிறது. இல்லை, விளக்கு.

7.00

"சாப்ட்டியளா அத்தை?"

கேட்க வேறு யார் இருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினேன்.

சாப்ட்டாச்சு தாயி. நீ என்ன சாப்ட்ட

7.24