கௌரம்மாவின் கால்

கார்த்திகை 9, திங்கள்
காலையில் பனி. ராகி அறுப்பு பாதியில் நிற்கிறது. அறுக்கும்போது அரிவாள் பட்ட என் மனைவி கௌரம்மாவின் கால் கறுத்து, நாற்றம். வண்டியில் கெலமங்கலத்திலிருந்து ஓசூர் ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் முனகல். மாட்டுக்கு லாடம் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

கிளம்பும்போதே அம்மா சொல்லிவிட்டாள்: ஒற்றைக்காலியாக வீட்டுக்குள் கூட்டி வராதே. நியாயம்தான். யார் களி கிண்டுவது, யார் களத்தில் நிற்பது?

டாக்டர் சென்னைக்காரர், கன்னடம் வராது. கௌ.வுக்குத் தமிழ் வராது. எங்கள் வீட்டில் கன்னடம்தான். இடையில் நான்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும். எடுத்தா உயிருக்கு பயமில்ல. அவங்க உடம்பு, அவங்களையே கேட்டுச் சொல்லுங்க."

பெண்பிள்ளையைக் கேட்பதாம்! பட்டணத்துப் புத்தி.

கேட்டேன். கௌ. யோசிக்கவே இல்லை: "காலு ஹோதரெ ஹோகலி. நானு பதுக்கபேக்கு." கால் போனால் போகட்டும், அவள் பிழைக்க வேண்டுமாம்.

டாக்டரிடம் சொன்னேன்: "பயப்படறா சார். வெட்ட வேணாங்கறா. மருந்து போட்டுப் பாக்கச் சொல்றா."

கார்த்திகை 10, செவ்வாய்
பெனிசிலின் ஊசி. ஆஸ்பத்திரிக் கஞ்சி வெறும் தண்ணீர். எப்போது வெட்டுவார்கள் என்றாள் கௌ. வெட்டாமலே ஆறிவிடும் என்கிறார் டாக்டர் என்றேன். அவர் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் டாக்டர் மறுபடியும்: "இன்னொரு தடவை கேளுங்க. தள்ளிப்போட்டா என் கையில இல்ல."

விடாக்கண்டன். அவர் எதிரிலேயே கன்னடத்தில் கேட்டேன், கஞ்சி வேண்டுமா என்று. வேண்டாமெனத் தலையை ஆட்டினாள்.

"பாத்தீங்களா சார்?" என்றேன்.

கார்த்திகை 12, வியாழன்
தூறல். களத்தில் ராகிக் கதிர் நனைந்திருக்கும். கௌ.வுக்கு அனலாகக் காய்ச்சல்.

டாக்டர் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "விஷம் தொடைக்கு மேல ஏறிடுச்சு. இனிமே வெட்டியும் பிரயோஜனமில்ல. ரெண்டு மூணு நாள்தான். என்ன பண்றது, அவங்க இஷ்டப்படிதான் விட்டோம். நீங்கதான் பக்குவமா சொல்லணும், எனக்கு பாஷை தெரியாது."

எனக்குள் துக்கமா பயமா, தெரியவில்லை. பயம்தான் என்று நினைக்கிறேன்.

உள்ளே போனேன். கண்ணைத் திறந்தாள். கால் இப்போது வலிக்கவே இல்லையாம், மருந்து பிடித்துவிட்டதாம். நல்ல டாக்டர், கொடியில் அவரைக்காய் முற்றுவதற்குள் ஒரு கூடை பறித்து அவருக்குக் கொடுங்கள் என்றாள்.

நாளைக்கே கொண்டுவருகிறேன் என்றேன்.