உன் கைநாட்டு வரிசை

இன்று ராயபுரம் தபாலாபீசில் கைநாட்டு வைக்கும் ஊதா மையின் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன் வயிற்றெரிச்சல்தான் வரும். போய்ச் சேர்ந்தவளிடம் என்ன பொறாமை என்று கேட்காதே. நீ இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

மீன் விற்றுத் திரும்பும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தர நாம் அந்தக் குப்பத்துக்குப் போனோம். கிழக்கு வரிசைக் குடிசைகள் எனக்கு, மேற்கு உனக்கு. ஆறே மாதத்தில் என் வரிசை முழுக்கக் கையெழுத்துப் போட்டது. உன் வரிசையோ கைநாட்டுதான். ரசீதோ நோட்டீசோ, எந்தத் தாள் வந்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்கப் பழக்கினாய். "கை அப்புறம் பழகும், முதலில் வாய் பழகட்டும்" என்பாய். அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்.

ஒருநாள், குடிசைக் கணக்கு என்று ஒருவர் தாளோடு வந்தார். என் பெண்கள் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். "கோணாமல் போடுங்கள்" என்று பேனாவை எடுத்துக் கொடுத்ததே நான்தான். உன் வரிசைக் கன்னியம்மா கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இன்னா எழுதிக்கீது நைனா? படிச்சி சொல்லு, அப்பால வெக்கிறேன்."

அவர் மழுப்பினார், அவள் விடவில்லை. கடைசியில் படித்தார்: கிடங்கு கட்ட இடத்தைக் காலி செய்யச் சம்மதமாம்! உன் பெண்களே கலெக்டர் ஆபீசுக்குப் போய் வாதாடி, என் வரிசைக் கையெழுத்துகளையும் ரத்து செய்ய வைத்தார்கள். நீ பின்னால் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தாய்.

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பொறாமைப்பட்டேன். மறுநாளே என் பெண்களும் உன் வகுப்பில் போய் உட்கார்ந்தது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

இப்போது இரண்டு வரிசையும் என்னிடம்தான். போன வாரம், உன் பெயரில் அங்கே ஒரு பள்ளிக்கூடம் கேட்டு மனு எழுதிக்கொண்டு போனேன். கன்னியம்மாவுக்கு இப்போது கையெழுத்து வரும். ஆனாலும் பேனாவைத் தொடவில்லை.

"படி டீச்சரம்மா."

படித்தேன். 'ஆசிரியைகள் நாங்கள் இருவரும் சேர்ந்து இக்குடிசைகளைக் காப்பாற்றினோம்' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"நீயும் காப்பாத்தல, அக்காவும் காப்பாத்தல. நாங்கதான போய் நின்னோம்? அத்த அடி."

அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். பிறகுதான் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

உன்னையும் சேர்த்து அடிக்கச் சொல்ல ஒருத்தியை வளர்த்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கும் அப்படி ஒருத்தி வேண்டுமடி.